மண்ணுல விளையாடினா எதிர்ப்பு சக்தி வருமா?

கேள்வி, ஜூன் 19, 2025

ஸ்கூல் திறந்து மாசம்கூட முடியல, யூகேஜி படிக்கற பொண்ணுக்கு வயித்தால போகுது. மாமியார் சொல்றாங்க: "எதுக்கெடுத்தாலும் சானிடைசர் தெளிச்சு வளர்த்தா இப்படித்தான். நாங்க மண்ணுல பொரண்டு வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" வீட்டுக்காரரும் அம்மா பக்கம்தான். சென்னை கொளத்தூர்ல இருக்கோம். அவங்க சொல்றது நிஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 19, இரவு 10.40

மாமியார் விஷயம் நாளைக்கு. முதல்ல பொண்ணைப் பாருங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்னா முழுசையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வெச்ச தண்ணில ஒரேயடியா கரைக்கணும். சின்னதுன்னா எவ்வளவு தண்ணின்னு கவர்லயே போட்டிருக்கும். டம்ளர்ல கொஞ்சம் பவுடர்னு கண்ணளவுல கலக்காதீங்க, உப்பு ஏறிட்டா அது தனி ஆபத்து. ஒவ்வொரு தடவை போனப்புறமும் அரை டம்ளர்லேர்ந்து ஒரு டம்ளர், ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி குடுங்க. டாக்டரைக் கேட்டு சிங்க், அதாவது துத்தநாக மருந்து, ஆரம்பிங்க. இந்த வயசுக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள், போக்கு நின்னாலும் நிறுத்தக்கூடாது. பட்டினி போடாதீங்க. இட்லி, குழைஞ்ச மோர் சாதம் எல்லாம் தாராளமா.

ரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணு உள்ள போயிருந்தாலோ, புள்ள துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னாலோ இங்க டைப் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. ஆட்டோ பிடிங்க.

ஜூன் 20, காலை

மாமியார் சொல்றதுல பாதி நிஜம். உங்க பொண்ணு வயித்துக்குச் சம்பந்தமில்லாத பாதி.

1989ல ஸ்ட்ராக்கன்னு ஒரு ஆய்வாளர், 17,000க்கும் மேல பிரிட்டிஷ் பிள்ளைகளோட விவரத்தை அலசி ஒரு கட்டுரை எழுதினார். அண்ணன் அக்கா நிறைய இருக்கற வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஹே ஃபீவர், அதாவது மகரந்தத்தால வர தும்மலும் மூக்கொழுகலும், கம்மியா இருந்துது. சின்ன வயசுல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டின தொற்றுதான் காரணமோன்னு அவர் ஊகம். அது ஊரெல்லாம் சுத்தி, "அழுக்கு நல்லது"ன்னு நம்ம வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்துடுச்சு. அவர் பேசினது அலர்ஜி. பின்னாடி வந்தவங்க அதையும் திருத்தினாங்க: உடம்புக்குப் பழக்கம் வேண்டியது மண்ணுலயும் மாட்டுக்கிட்டயும் இருக்கற சாது நுண்ணுயிரோட. டைபாய்டு, காலராவோட இல்ல.

"எங்களுக்கு என்ன ஆச்சு"ங்கறதுக்கும் ஒண்ணு. எங்க பாட்டிக்குப் பொறந்தது ஒம்பது, தங்கினது அஞ்சு. கேட்டா அவங்களும் "மண்ணுலதான் வளர்த்தேன்"னுதான் சொல்லுவாங்க.

நான் பல வருஷம் லேப்ல வேலை பார்த்தவ. தீப்பெட்டியில, ஐஸ்கிரீம் கப்புல, மாத்திரை டப்பாவுலன்னு மலம் டெஸ்ட்டுக்கு வரும். மைக்ராஸ்கோப்ல வெச்சா உருண்டைப்புழு முட்டை தெரியும்: பழுப்பு நிறம், சுத்தி மேடு பள்ளமா தடிச்ச ஓடு. ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணி இருந்தா ரெண்டு கண்ணு வெச்ச மூஞ்சி மாதிரி நம்மளையே முறைக்கும். நல்லா உடுத்தி, பவுடர் போட்டு, மடிப்பு கலையாத யூனிஃபார்ம்ல வந்த புள்ளைங்க டப்பாவுலயும் அது இருக்கும். முட்டியெல்லாம் சேறா வந்த பையனோடது ஒண்ணுமில்லாம இருக்கும். கண்ணுக்குத் தெரியற அழுக்கு ஒண்ணு, நோய் வர வழி இன்னொண்ணு. வயித்து நோய்க்கு வழி மலம். அது கை, தண்ணி, ஈ எது வழியாவோ வாய்க்கு வரணும். மண்ணு சும்மா மண்ணா இருந்தா பாவம், அது என்ன பண்ணும்.

ஜூன் 20, மதியம்

கேட்டவங்களுக்கு: ஆமா, சேத்துல விளையாட விடலாம். வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம், இதுல கட்சி பிரிக்க ஒண்ணுமில்ல.

ஜூன் 23

மலம்னு சொன்னதும் எல்லாரும் கூவத்தையும் பொதுக் கழிப்பறையையும் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. நான் உங்க வீட்டுக் கைக்குழந்தையைச் சொல்றேன்.

"கொழந்தை ஆய்தானே, பால் குடிக்கற புள்ளது, அதுல என்ன இருக்கு" இது நம்ம ஊர்ல படிச்சவங்க வாய்லயும் வரும். இருக்கு, நிறையவே இருக்கு. ரோட்டா வைரஸ் மாதிரி கிருமியை அதிகமா வெளியேத்தறதே சின்னக் குழந்தைங்கதான். ஆனா நடக்கறது என்ன? கால் கழுவி விட்ட கையை அதே பக்கெட் தண்ணில ஒரு முக்கு, புடவை முந்தானைல ஒரு துடை, நேரா போய் பால் புட்டி. துணியை சமையலறை சிங்க்ல அலசறவங்களையும் பார்த்திருக்கேன்.

அப்புறம் டயப்பர். திடக்கழிவு விதிப்படி அதை நல்லா சுத்தி, மக்கற குப்பையோட சேர்க்காம குடுக்கணும். எங்க பிளாக்ல மக்கற குப்பையோட பச்சை டப்பாவுல விரிச்ச வாக்குல கிடக்கும். குப்பை வண்டியில வர அம்மா அதை வெறுங்கையால பிரிச்சு எடுத்துப் போடறாங்க. அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கு. மலத்தைக் கழிப்பறைல தட்டிட்டு, பேப்பர்ல சுத்திக் குடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா? இதுக்கு அசோசியேஷன் மீட்டிங் போட்டு, கார் பார்க்கிங் சண்டையோட முடிஞ்சுது.

ஜூன் 24

எந்த சோப்புன்னு வரிசையா கேக்கறீங்க. எது விலை கம்மியோ அது.

கராச்சி குடிசைப் பகுதிகள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்து 2005ல வெளியாச்சு. சில வீடுகளுக்குச் சாதா சோப்பு, சில வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பு, சில வீடுகளுக்குச் சோப்பே குடுக்கல. சோப்பு வாங்கின வீடுகள்ல 15 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு 53 சதவீதம் கம்மி, அஞ்சு வயசுக்குள்ள நிமோனியா 50 சதவீதம் கம்மி, தோல்ல வர கொப்புளப் புண் 34 சதவீதம் கம்மி. சாதாவுக்கும் கிருமிநாசினி சோப்புக்கும் வித்தியாசமே இல்ல. அமெரிக்காவுல 2016ல டிரைக்ளோசான் உள்பட 19 கிருமிநாசினிச் சரக்கை வீட்டு உபயோக சோப்புல போடக்கூடாதுன்னே சொல்லிட்டாங்க. டிவி விளம்பரத்துல பூதக்கண்ணாடிக்குக் கீழ நெளியற பச்சைப் பூச்சிக்குக் காசு குடுக்காதீங்க.

ஜூன் 29

தண்ணி. இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

நம்ம ஊர்ல மெட்ரோ வாட்டர் லைன்ல நாள் பூரா தண்ணி இருக்கறதில்ல. தண்ணி வராத நேரத்துல குழாய்க்குள்ள அழுத்தம் இல்ல. பக்கத்துலயே சாக்கடைக் குழாய் ஓடுது, ரெண்டும் பழசு. லைன்லயே நேரா மோட்டார் வெச்சு உறிஞ்சற புண்ணியவான் தெருவுக்கு ஒருத்தர் இருக்கார். அவர் ஸ்விட்ச் போட்டா விரிசல் வழியா அக்கம்பக்கத்து ஈரமெல்லாம் உள்ள வரும். அதனாலதான் திறந்ததும் வர தண்ணி சில நாள் கலங்கலா, நாத்தமா இருக்கு. முதல்ல வரதைப் பிடிக்காம விடுங்க. நாத்தம் போகலைன்னா புகார் குடுத்துட்டு, லாரித் தண்ணியா இருந்தாலும் காய்ச்சிக் குடிங்க.

குழாயில குளோரின் இருக்கான்னு பார்க்க மஞ்சள் நிறம் வர ஒரு சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பாங்களே, அதுல குடிக்கற இடத்துல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும்ங்கறது கணக்கு. குழாய்ல இருக்கும். சம்ப்ல, அதாவது தரைக்கடித் தொட்டியில, ரெண்டு நாள் கிடந்தா எங்க இருக்கும்?

இன்னொரு டெஸ்ட்டும் உண்டு, நம்மளே பண்ணலாம். சின்ன பாட்டில்ல மருந்து தோய்ச்ச பேப்பர் இருக்கும். தண்ணியை நிரப்பி மூடி அலமாரில வெச்சுடணும். கருப்பானா மலக் கலப்பு இருக்கும்னு சந்தேகப்படணும். எங்க பிளாக்ல கீழ் வீடு, மேல் வீடு, சம்ப், மொட்டைமாடி டேங்க் எல்லாத்துலேர்ந்தும் எடுத்து வெச்சேன். குழாய்த் தண்ணி அப்படியே இருந்துது. சம்ப் தண்ணி மறுநாள் காலைல மை. சம்ப் மூடி தரையோட தரையா இருக்கு, நாலடி தள்ளி கழிவுநீர்ச் சேம்பர். மழைல வாசல்ல தேங்கற தண்ணி எங்க இறங்கும்னு யாரும் யோசிச்சதில்ல. அசோசியேஷன் செயலாளர்கிட்ட பாட்டிலைக் காட்டினேன். "மேடம், இது ஏதோ கெமிக்கல்" அப்படின்னார். சரி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல முறையா டெஸ்ட்டுக்குக் குடுங்கன்னேன். அதுக்கு யார் பணம் குடுக்கறதுன்னு இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க.

ஜூன் 30

சம்ப் தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்னு கேட்டவருக்கு: 1000 லிட்டருக்கு சுமார் 4 கிராம். நேரா கொட்டாதீங்க. ஒரு பக்கெட்ல கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்கினதும் மேல் தெளிவை ஊத்திக் கலக்கி, ஒரு மணி நேரம் கழிச்சுப் பயன்படுத்தணும். பவுடர் பழசாகி மூட்டையில ஈரம் ஏறியிருந்தா அதுல சத்து இருக்காது. அடில சேறு இருக்கற சம்ப்ல எவ்வளவு கொட்டினாலும் வீண், முதல்ல கழுவுங்க.

ஜூலை 6

மண்ணு பாவம்னு எழுதினதுக்கு ஒருத்தர் தனியா எழுதியிருக்கார், கால்நடை டாக்டர். "நாய் போற மண்ணையும் பாவம்பீங்களா"ன்னு. நியாயம். சேர்த்துக்கறேன்.

நாய், பூனை வயித்துல இருக்கற கொக்கிப்புழுவோட குஞ்சு மண்ணுல இருக்கும். வெறுங்கால்ல, டவுசர் போடாம உக்காந்தா தோல் வழியா நுழைஞ்சு, தோலுக்கடியில கோடு கோடா ஊர்ந்து அரிக்கும். பீச் மணல்லயும் வரும், பிளாட் பிள்ளைங்களுக்காகக் கொட்டி வெச்சிருக்கற மணல் தொட்டியிலயும் வரும். ராத்திரி பூனைக்கு அதுதான் கழிப்பறை. தொட்டிக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடிட்டா போச்சு. மனுஷக் கொக்கிப்புழுவும் வெறுங்கால் வழியாத்தான் ஏறும், ரத்தத்தை உறிஞ்சி சோகை கொண்டுவரும். உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணுல வருஷக்கணக்கா தாக்குப்பிடிக்கும்.

ஆக மாமியார் காலத்து மண்ணு வேற, இப்ப இருக்கற மண்ணு வேறன்னு சொல்ல வந்தேன். அதுவும் சரியில்ல. அப்போ வெட்டவெளில போனவங்க எத்தனை பேர்! எந்த மண்ணு, யார் போன மண்ணுன்னு பார்க்காம பொதுவா பேச முடியாது, அவ்வளவுதான்.

ஜூலை 7

மணல் தொட்டியையே எடுத்துடலாமான்னு எங்க செயலாளர் ஆர்வமா கேட்டார். அந்த இடத்துல ஒரு கார் நிறுத்தலாமாம்.

ஜூலை 18

பேரன் வகுப்புல தக்காளிக் காய்ச்சல். கை, கால், வாய்ல கொப்புளம். வாட்ஸாப் குரூப்ல உடனே "எல்லாரும் சானிடைசர் குடுத்து அனுப்புங்க"ன்னு ஒரு அம்மா, கீழ நாப்பது கைகூப்பு.

இந்த வைரஸுக்கு வெளில கொழுப்புப் படலம் கிடையாது. ஆல்கஹால் கரைச்சு அழிக்கறது அந்தப் படலத்தைத்தான். அதனால கொரோனாவுக்குக் கேட்ட அளவுக்கு இதுக்கு சானிடைசர் கேட்காது. வாந்தி பேதி கொண்டுவர நோரோ வைரஸும் இதே ஜாதி. புழு முட்டைக்கு சானிடைசர் தெளிச்சா குளிப்பாட்டின மாதிரி. சோப்பும் ஓடற தண்ணியும் ஒட்டியிருக்கறதைக் கழட்டி சாக்கடைக்கு அனுப்பும், அதுதான் வேணும். கொப்புளம் ஆறின பிறகும் சில வாரம் மலத்துல வைரஸ் போயிட்டிருக்கும்ங்கறதால, கழிப்பறை போனப்புறம் கை கழுவறதை அந்த ரெண்டு மூணு வாரம் பெரியவங்க கூட நின்னு பார்க்கணும்.

தண்ணி பாட்டிலையும் பாருங்க. நம்ம வீடுகள்ல எச்சில் பண்ணாம அண்ணாந்து குடிக்கப் பழக்கினாங்க. இப்ப உறிஞ்சற வாய் வெச்ச பாட்டில், மூணு பசங்க மாத்தி மாத்திக் குடிக்கறாங்க. அந்த ரப்பர் வளையத்தை ஒரு ஊசியால நெம்பி எடுங்க. பேரனோடதுல அடில கருப்பா, வழுவழுன்னு ஒரு சுத்து பூசணம். தினமும் சோப்பு போட்டுக் கழுவின பாட்டில் அது.

ஆகஸ்ட் 3

ஸ்கூல்ல வாட்டர் பெல். மணி அடிச்சா எல்லாப் பிள்ளைங்களும் தண்ணி குடிக்கணும். நல்ல விஷயம். குடிச்சா போகணும். எங்க போறது?

பெயர் சொல்லல, இந்தப் பக்கத்து ஸ்கூல்தான். பெண் பிள்ளைங்க பக்கம் மூணு கழிப்பறை. ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்ல, ஒண்ணு பூட்டு, ஒண்ணுல தண்ணி வராது. ஏழாவது படிக்கற பொண்ணு என்கிட்ட சொல்லுது: "பாட்டி, பெல் அடிச்சா பாட்டிலை வாய்கிட்ட கொண்டுபோய் மூடிடுவோம்." காலைல எட்டு மணிக்குக் கிளம்பி சாயங்காலம் நாலரை வரைக்கும் அடக்கி வெச்சா மூத்திரத் தொற்று வராம என்ன செய்யும்? கிருமி இருக்கான்னு லேப்ல நான் கல்ச்சர் போட்டுப் பார்த்த மாதிரிகள்ல இந்த வயசுப் பொண்ணுங்களோடது குறைவில்ல. அதே ஸ்கூல் சுவத்துல ஆறு படி கை கழுவற முறை கலர்ல வரைஞ்சிருக்கு. அதுக்குக் கீழ குழாயே இல்ல.

சுகாதாரக் கல்வின்னா நம்ம ஊர்ல ஓவியப் போட்டி, உறுதிமொழி, ஒரு பேனர். கை கழுவாட்டி நோய் வரும்னு தெரியாத புள்ள ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். கேட்டா மூச்சு விடாம ஒப்பிக்கும்.

ஆகஸ்ட் 4

நேத்து எழுதினது டீச்சர்களுக்குக் கோவம். "அப்போ சொல்லிக் குடுக்கவே வேண்டாமா?" வேணும். எப்படிச் சொல்றதுங்கறதுதான் கேள்வி.

நமக்குப் பக்கத்துல, சித்தூர் மாவட்டத்துல 14 கிராமத்துல ஒரு சோதனை பண்ணி 2014ல வெளியிட்டாங்க. "சூப்பர் அம்மா"ன்னு பேர். கிருமி, வியாதின்னு பாடமே எடுக்கல. ஒரு அம்மா தன் புள்ளையை எப்படி ஆளாக்கறான்னு ஒரு கார்ட்டூன் படம், அசிங்கத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்க வைக்கற தமாஷ் நாடகம், ஊர் முன்னாடி உறுதிமொழி. முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவினது 1 சதவீதம். ஆறு மாசம் கழிச்சு 37. நாடகம் போகாத கிராமங்கள்ல 6. அந்த அருவருப்பு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, எச்சில் பார்க்கற ஊர் இது. அதைக் கழிப்பறைக் கைப்பிடிக்கும் கொஞ்சம் நீட்டினா போதும்.

கராச்சி கதைக்கும் பின்கதை உண்டு. வாராவாரம் ஆள் வந்து, சோப்பும் ஓசியா வந்த வரைக்கும் நல்லா போச்சு. நின்ன பிறகு திரும்பப் போய்ப் பார்த்தா, அந்த வீடுகளும் மத்த வீடுகள் வாங்கற அளவுதான் சோப்பு வாங்கிச்சு. வயித்துப்போக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு தடவை சொல்லிட்டுப் போறது எத்தனை நாள் தாங்கும்னு பார்த்துக்குங்க.

ஆகஸ்ட் 12

பூச்சி மாத்திரை குடுக்கறாங்க, போடலாமான்னு நாலு பேர். போடுங்க. அல்பெண்டசோல், 1லேர்ந்து 2 வயசு வரை 200, அதுக்கு மேல 400 மில்லிகிராம். மென்னு முழுங்கணும், சின்னதுக்குப் பொடிச்சுக் குடுக்கணும். பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் நாடு பூரா குடுக்கறது. காய்ச்சலா இருந்தா ஆறினப்புறம்.

ராத்திரில பின்பக்கம் அரிக்குதுன்னு அழற புள்ளைக்குக் கீரிப்பூச்சி. சொறியும், முட்டை நகத்துக்குள்ள போகும், விரல் வாய்க்குப் போகும். மாத்திரை போட்டாலும் ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை, வீட்ல எல்லாருக்கும் சேர்த்துன்னு டாக்டர் சொல்வாங்க. நகத்தை வெட்டி, காலைல குளிப்பாட்டி, போர்வையை வெயில்ல போடுங்க. அம்மாக்கள் வெக்கப்பட்டு இதை வெளில சொல்றதில்ல. ஒரு வகுப்புல ஒருத்தருக்கு இருந்தா பக்கத்து பெஞ்சுக்கும் இருக்கும்.

செப்டம்பர் 9

"இவ்வளவு கழுவியும் வருதே"ன்னு கேட்டவருக்குக் கொஞ்சம் நீளமாச் சொல்லணும்.

2018ல வங்காளதேசத்துலயும் கென்யாவுலயும் ஆயிரக்கணக்கான குழந்தைங்களை வெச்சு ரெண்டு பெரிய ஆய்வு வந்துது. தண்ணில குளோரின், கை கழுவ வசதி, வீட்டுக்குக் கழிப்பறை எல்லாம் குடுத்தாங்க. வங்காளதேசத்துல வயித்துப்போக்கு குறைஞ்சுது. கென்யாவுல குறையல. ரெண்டு இடத்துலயும் இதனால குழந்தைங்க உயரமா வளரல. இதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் யோசனையாவே இருந்தேன். என் வீட்டுச் சுவத்துக்குள்ள நான் எவ்வளவு தேய்ச்சாலும், தெருவுல சேம்பர் பொங்கி வழிஞ்சா, என் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கறது கொஞ்சம்தான். மீதி குழாய், சாக்கடை, வார்டு ஆபீஸ்.

இன்னொண்ணு, ரோட்டா வைரஸ் சுத்தத்துக்கு மசியற ஆள் இல்ல. தடுப்பூசி வரதுக்கு முன்னாடி பணக்கார நாட்டுலயும் அஞ்சு வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாப் புள்ளைக்கும் ஒரு தடவையாவது வந்துடும். அதுக்கு 6, 10, 14 வாரத்துல வாய்வழி மருந்து, நம்ம மாநிலத்துல 2017லேர்ந்து இலவசம். தட்டம்மைக்கும் சோப்பு கேட்காது, ஊசிதான். ஊசி அட்டையை எடுத்து ஒரு தடவை பாருங்க, அஞ்சு வயசு பூஸ்டரைப் பாதிப் பேர் மறந்துடறாங்க.

அக்டோபர் 17

ரெண்டு செய்தி. உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி இல்லாத பானத்துமேல "ஓஆர்எஸ்"னு போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. ஜூன்ல நான் பாக்கெட்னு சொன்னப்போ, "ஆப்பிள் ருசில டெட்ரா பேக் கிடைக்குதே"ன்னு கேட்டீங்களே, அது இந்த ரகம். சக்கரை கூடினா போக்கு இன்னும் கூடும். கடைல பழைய சரக்கு இருக்கும், கவரைத் திருப்பிப் படிச்சு வாங்குங்க.

ரெண்டாவது, அந்த ஸ்கூல்ல அக்டோபர் 15 கை கழுவும் தினத்துக்கு இந்தத் தடவை பேனர் கட்டல. பெற்றோர் சிலர் சேர்ந்து கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாங்க, ஓவியத்துக்குக் கீழ ஒண்ணாவது படிக்கற புள்ள கைக்கு எட்டற உயரத்துல குழாய் இழுத்தாங்க. சோப்பு வெச்சா காணாம போகுதுன்னு ஆயா சொன்னதால, வெங்காயம் வர வலைப்பையில போட்டுக் குழாயோட கட்டித் தொங்கவிட்டாச்சு. பசங்க வலையோட சேர்த்துத் தேய்க்கறாங்க, நுரை வருதுன்னு அதுக்கே வரிசை. ஒரு கட்டி மூணு நாள்கூட வரல. அடுத்த கட்டியை யார் வாங்கறதுன்னு சனிக்கிழமை கூட்டம், எங்க செயலாளரும் வரார்.